ஏலக்காரர் வாய் திறக்கவில்லை

நெஸ்டர் மெல்னிக்கின் கன்னம் வீங்கியிருப்பதை முதலில் கண்டுபிடித்தது அவருடைய சவரக் கத்தி. வலது காதுக்குக் கீழே தினமும் வழுக்கிக்கொண்டு இறங்குகிற கத்தி, அன்று மேடு ஏறி இறங்கியது. மனைவி லெஸ்யாவைக் கூப்பிட வாயைத் திறந்தார். வாய் கால்வாசிதான் திறந்தது. அதற்கே காதுக்குள் ஆணி இறக்கிய மாதிரி வலித்தது.

வேறு யாருக்காவது வந்திருந்தால் இது ஒரு காய்ச்சல், அவ்வளவுதான். நெஸ்டர் ஏலக்காரர். சஸ்காச்சுவான் சமவெளியின் அந்த வட்டாரத்தில் யார் பண்ணையை மூட்டை கட்டினாலும், டிரக்கின் முதுகில் ஏறி நின்று ஏலம் போடுவது அவர்தான். அவர் "ஒரு தரம்" என்று ஆரம்பித்தால் காற்றுகூட நின்று கேட்கும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சை ஊரில் பரப்பியவரும் அவர்தான்.

தொழிலோடு நிறுத்திக்கொள்கிற வாயும் இல்லை அது. ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் பிரசங்கத்தை முடித்த பிறகு, தேவாலயத்து வாசலில் நெஸ்டர் அதே பிரசங்கத்தை இன்னும் விளக்கமாகச் செய்வார். பெட்ரோல் போட நிற்கிற இடத்தில், டாங்க் நிரம்பின பிறகும் அவருடைய கதை முக்கால் டாங்க்கில் நிற்கும். லெஸ்யா இருபத்தைந்து வருடங்களாக அவரோடு குடித்தனம் நடத்தியவள். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடிக்க வேண்டுமென்றால் அவர் கொட்டாவி விடுகிற நேரம் பார்த்துச் சொல்லப் பழகியிருந்தாள்.

மாவட்டச் சுகாதார நிலையத்து நர்ஸ் ஃபோனிலேயே சொல்லிவிட்டார். பொன்னுக்கு வீங்கி.

அது எங்கிருந்து வந்தது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. நாற்பதைத் தாண்டியவர்கள் ஆடுகிற ஐஸ் ஹாக்கி அணியில் நெஸ்டர் இருந்தார். பருவத்தின் கடைசி ஆட்டத்தில் ஒரே தண்ணீர் பாட்டில் பெஞ்சு முழுவதும் சுற்றி வந்தது. கோல் காப்பவருக்குத்தான் முதலில் வீங்கியிருக்கிறது. அவர் முகமூடி போட்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

"ரெண்டு கன்னமும் வடியற வரைக்கும் வீட்டை விட்டு வெளிய வரக் கூடாது," என்றார் நர்ஸ். "தனி ரூம், தனித் தட்டு, தனி டம்ளர். உங்களுக்குச் சின்ன வயசுல இது வந்திருக்கா?"

"வந்திருக்கு. ரெண்டு பக்கமும்," என்றாள் லெஸ்யா.

"அப்ப நீங்க பார்த்துக்கலாம். பயமில்லை. புளிப்பு எதுவும் குடுக்காதீங்க, சுரப்பி இழுத்துப் பிடிச்சுக்கும். முக்கியமா, அவரைப் பேச விடாதீங்க. வாயை அசைக்காம இருந்தாச் சீக்கிரம் குணமாகும்."

"இதை எழுதிக் குடுப்பீங்களா?" என்று கேட்டாள் லெஸ்யா.

நர்ஸ் சிரிக்கவில்லை. "ஆம்பளைங்களுக்கு இது சில சமயம் கன்னத்தோட நிக்காது, கீழேயும் இறங்கிடும். நல்லாப் படுத்து ஓய்வெடுக்கச் சொல்லுங்க."

ஸ்பீக்கரில் இதைக் கேட்டுக்கொண்டு நின்றிருந்த நெஸ்டர், நின்ற இடத்திலிருந்து நேராகக் கீழ்த்தளத்து அறைக்குப் போய்க் கட்டிலில் மல்லாந்துவிட்டார். அவ்வளவு சுலபமாக அவரை யாரும் படுக்க வைத்ததில்லை.

மறுநாள் இடது கன்னமும் வந்து சேர்ந்துகொண்டது. ஏற்கெனவே பேருக்கு வீங்கியவர். இப்போது பொன்னுக்கும் வீங்கி, கழுத்தும் முகமும் ஒரே அகலத்தில் நின்றன. பீட்ரூட் சூப்பை ஸ்ட்ரா வைத்து உறிஞ்சினார். மசித்த உருளைக்கிழங்கைச் சின்னக் கரண்டியால் பல்லிடுக்கு வழியாக உள்ளே தள்ளினார். பசியைவிட அவரை வாட்டியது அமைதி. அந்த அறையில் வீட்டைச் சூடாக்குகிற உலை ஒன்று முனகும். அது நின்றால் வேறு சத்தமே கிடையாது.

அந்த அமைதியில்தான் மோரிஸ் வந்து உட்கார்ந்துகொண்டார்.

மோரிஸ் அவருடைய சிநேகிதர். அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அதே ஹாக்கி அணி, அதே பெஞ்சு. போன இலையுதிர் காலத்தில், அறுவடை முடிந்த வாரம், தானியக் குதிருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம். அடக்கத்தன்று நெஸ்டர்தான் அஞ்சலி பேசினார். பாதிரியார் மூன்று முறை கடிகாரத்தைப் பார்க்கிற அளவுக்குப் பேசினார். ஊர் முழுக்கச் சிரித்தது, அழுதது. அவர் மட்டும் அழவில்லை. பேசிக்கொண்டிருந்ததில் அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

வருகிற சனிக்கிழமை மோரிஸின் பண்ணை ஏலம். விதைப்புக்கு முன்னால் நிலம் வேறு கைக்குப் போகிறது. மோரிஸின் மனைவி எல்சி நகரத்தில் ஒரு சின்ன வீட்டுக்குப் போகிறாள். மூன்று பிள்ளைகள். யாருக்கு எது என்று பேச்சு வரக் கூடாதென்று எல்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: ஊசி முதல் டிராக்டர் வரை எல்லாம் ஏலத்துக்கு, பிள்ளைகளுக்கு வேண்டுமென்றாலும் எல்லாரையும் போல நின்று கேட்டு எடுத்துக்கொள்ளட்டும்.

வியாழக்கிழமை லெஸ்யா சூப்போடு கீழே வந்தாள்.

"சனிக்கிழமைக்கு என்ன செய்யறது?"

நெஸ்டர் தன் நெஞ்சில் விரலை வைத்துக் காட்டினார். நான்தான்.

"நீ போனா ஊருக்கே வீங்கும். வேற ஆள் சொல்லணும். பக்கத்து ஊர் ராய் சும்மாதான் இருக்காராம்."

நெஸ்டர் வேகமாகத் தலையை ஆட்டினார். ஆட்டியதில் வலி உச்சிக்கு ஏறியது. ராய் ஏலத்துக்கு நடுவில் ஜோக் சொல்கிற ஆள். மோரிஸுக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

"ராய் வேண்டாம். சரி, தள்ளி வைக்கவும் முடியாது. அப்ப நான் போடறேன்."

நெஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க முடியவில்லை. இரண்டு கன்னத்தையும் கைகளால் தாங்கிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி, "நீயா? லைசென்ஸ்?" என்றார்.

"அதுல என் பேரும் இருக்கு, கிழவா. வரி கம்மியாகும்னு நீதான் சேர்த்த."

அது உண்மை. நெஸ்டர் மறுப்பு யோசித்துக்கொண்டிருந்தார். லெஸ்யா கையோடு கொண்டுவந்திருந்த வெள்ளரி ஊறுகாய் ஜாடியின் மூடியைத் திறந்து, ஒன்றை எடுத்து, அவர் எதிரிலேயே நறுக்கென்று கடித்தாள். அந்தச் சத்தமே போதும். வினிகர் வாசனை மூக்கில் ஏறியதும் அவருடைய சுரப்பிகள் இரண்டும் இறுகிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கையை உயர்த்திச் சம்மதம் காட்டினார். அந்த வாரம் அந்த வீட்டில் எல்லா விவாதமும் இப்படித்தான் முடிந்தது.

அவள் மாடிக்குப் போன பிறகு கொஞ்ச நேரம் மனம் நொந்து படுத்திருந்தார். பிறகுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

மோரிஸிடம் ஒரு பழைய சிவப்பு டிராக்டர் இருந்தது. உழுகிற காலம் போய் ஊர்வலத்துக்கு மட்டும் வெளியே வருகிற டிராக்டர். ஒரு குளிர்காலம் முழுவதும் இரண்டு பேருமாகச் சேர்ந்து, போல்ட் போல்ட்டாகக் கழற்றி, துடைத்து, மறுபடி பூட்டியது. ஒவ்வொரு கோடையிலும் ஊர்த் திருவிழாவில் அதை யார் ஓட்டுவது என்று சண்டை வரும். மோரிஸ் ஓட்டுவார். நெஸ்டர் மட்கார்டில் உட்கார்ந்து, ஓட்டுவது தான்தான் என்பது போலக் கையை ஆட்டிக்கொண்டு வருவார். அந்த டிராக்டர் யாரோ ஒருவன் கொட்டகைக்குப் போவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மோரிஸின் கை பட்டது ஒன்றாவது தன் முற்றத்தில் நிற்க வேண்டும்.

தடை இரண்டு. ஏலம் போடுகிறவன் தானே விலை கேட்கக் கூடாது, அது தொழில் நெறி. இரண்டாவது, லெஸ்யா. முற்றத்தில் ஏற்கெனவே, ஏலம் முடிந்தும் விலை போகாமல் நின்ற டிராக்டர்களாக வாங்கி வாங்கி நிறுத்தியிருந்தார். களை முளைத்து, குருவி கூடு கட்டி, ஒரு பழைய இரும்புக் கடை மாதிரி இருந்தது. "இனி ஒரு சக்கரம் உள்ள வந்தா நான் வெளிய போறேன்" என்று அவள் போன வருடம் சொல்லியிருந்தாள். அவரும் தேவாலயத்தில் வைத்துச் சத்தியம் செய்திருந்தார்.

ஆனால் இப்போது ஏலம் போடுவது அவர் இல்லையே. அவர் வெறும் நோயாளி. முதல் தடை தானாகவே விலகிவிட்டது. இரண்டாவதற்கு ஒரு ஆள் வேண்டும். வால்டருக்குச் செய்தி அனுப்பினார்.

வால்டர் அணியிலேயே மூத்தவர். சின்ன வயதிலேயே பொன்னுக்கு வீங்கி வந்து போனவர். நகரசபைக் கட்டடத்துக்குப் பின்னால், இரண்டாம் மாடியில் ஒரு ஃபிளாட்டில் தனியாக இருந்தார். பனி உருகிய சேற்றில் முழங்காலை ஊன்றி, தரையை ஒட்டி இருந்த கீழ்த்தளத்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"என்னடா, ரெண்டு கன்னத்துலயும் பன் ஒளிச்சு வச்சிருக்க?"

"டிராக்டர்," என்றார் நெஸ்டர், பல்லைத் திறக்காமல்.

"டாக்டரா? கூப்பிடவா?"

"டிராக்... டர். மோரிஸோடது."

"ஓ. அதுக்கு என்ன?"

"எனக்கு வேணும். நீ கேளு."

வால்டர் யோசித்தார். "லெஸ்யாகிட்ட சொல்லிட்டியா?"

நெஸ்டர் போர்வையை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சரி, புரியுது. எவ்வளவு வரைக்கும் போகலாம்?"

"நான் ஃபோன்ல இருப்பேன். காதுல வச்சுக்கோ. ம்னா ஏத்து. ம்ஹூம்னா நிறுத்து."

"ம்னா ஏத்து. ம்ஹூம்னா நிறுத்து," என்று வால்டர் பாடம் ஒப்பித்தார். "லெஸ்யா கேட்டா?"

"சொல்லாதே."

"சொல்ல மாட்டேன்."

வால்டர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். அது ஒரு நல்ல குணம் என்றுதான் நெஸ்டர் அதுவரை நினைத்திருந்தார். வால்டருக்கு ஒரு காது மந்தம் என்பதும் அவருக்குத் தெரியும். எந்தக் காது என்று கேட்கத் தோன்றவில்லை.

சனிக்கிழமை காலை லெஸ்யா அவருடைய கம்பளித் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு கீழே வந்தாள்.

"போயிட்டு வரேன். சூப் அடுப்புல இருக்கு. ஏதாவது சொல்லணுமா?"

சொல்ல எவ்வளவோ இருந்தது. கூட்டத்தின் இடது பக்கத்திலிருந்து ஆரம்பி, மூச்சு விடாமல் பேசு, யோசிக்க நேரம் கொடுக்காதே, கையைப் பார், கண்ணைப் பார். ஒன்றும் வெளியே வரவில்லை. தொப்பியைச் சரிசெய்து விட்டார். அவள் டிரக்கை எடுத்துக்கொண்டு போனாள்.

ஏலம் ஆரம்பித்ததும் வால்டர் கூப்பிட்டார். நெஸ்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஃபோனை வீங்கிய கன்னத்தில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். காற்று, பூட்ஸ் சேற்றில் சப்பென்று ஒட்டி எடுக்கிற ஓசை, யாரோ இருமுவது. பிறகு மைக்கில் லெஸ்யாவின் குரல்.

அவள் வேகமாகப் பேசவில்லை. அதுதான் அவரை முதலில் பதற வைத்தது. அவர் போடுகிற ஏலம் தகரக் கூரையில் விழுகிற ஆலங்கட்டி மாதிரி இருக்கும். இவள் அடுக்களையில் பேசுகிற மாதிரி பேசினாள்.

"இது மோரிஸோட வெல்டிங் மெஷின். இங்க நிக்கறவங்கள்ல பாதிப் பேரோட வண்டி இதாலதான் இன்னும் ஓடுது. பாதிப் பேர் அதுக்குக் காசு குடுக்கலை. இப்ப குடுக்கலாம்."

கூட்டம் மெல்லச் சிரித்தது. விலை ஏறத் தொடங்கியது. வெல்டிங் மெஷின், அவர் மனதில் வைத்திருந்த விலையைத் தாண்டி இரண்டு பங்குக்குப் போயிற்று. அடுத்து ஏணி. அடுத்து கோழிக்கூண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி சொன்னாள், பிறகு சும்மா நின்றாள். அந்தச் சும்மா நிற்பதில்தான் ஆட்கள் கையைத் தூக்கினார்கள். நெஸ்டர் தொழில் தொடங்கிய நாளிலிருந்து ஒரு ஏலத்திலும் சும்மா நின்றதில்லை. ஃபோனுக்குள் அந்த இடைவெளியில் எங்கோ ஒரு வானம்பாடி கத்துவது கேட்டது. மோரிஸின் பண்ணையில் பறவை கத்தும் என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

"அடுத்தது டிராக்டர்," என்று வால்டர் ரகசியமாகச் சொன்னார். ரகசியம் பத்துப் பேருக்குக் கேட்டிருக்கும்.

லெஸ்யா அதற்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. "இது எதுன்னு உங்களுக்கே தெரியும்," என்றாள். "ஆயிரத்துல ஆரம்பிப்போம்."

"ம்," என்றார் நெஸ்டர்.

வால்டர் கையைத் தூக்கினார். வேறு ஒருவர் கேட்டார், விட்டுவிட்டார். இன்னொருவர் இரண்டாயிரம் வரை வந்து நின்றுகொண்டார். கிட்டத்தட்ட கைக்கு வந்துவிட்டது. அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். குரல் சன்னமாக இருந்தது, ஃபோனில் சரியாக விழவில்லை.

"ம்," என்றார் நெஸ்டர். வால்டர் ஏற்றினார்.

அந்தச் சன்னக் குரல் மறுபடி கேட்டது.

"ம்." வால்டர் ஏற்றினார்.

மூவாயிரத்தைத் தாண்டியாகிவிட்டது. யாரது இவ்வளவு பிடிவாதமாக? நகரத்திலிருந்து வந்த எவனோ, பழைய வண்டிகளைப் பளபளவென்று பெயின்ட் அடித்து விற்கிறவன் என்று நெஸ்டர் முடிவு செய்துகொண்டார். பல்லைக் கடித்தார். வலித்தது. இன்னொரு "ம்" கொடுத்தார்.

சிறிது நேரம் மைக்கில் ஒன்றும் இல்லை. பிறகு லெஸ்யாவின் குரல் இறங்கி வந்தது.

"டாரியா. இப்ப உன் முறைதான். கேக்கறியா, விடறியா? அவசரமில்லைம்மா."

டாரியா மோரிஸின் கடைசி மகள். முப்பது வயது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. அந்த டிராக்டரைத் திரும்பப் பூட்டிய குளிர்காலத்தில் ஸ்பானரை மாற்றி மாற்றி எடுத்துக் கொடுத்து, இரண்டு பேரிடமும் திட்டு வாங்கியவள். முதன்முதலாக அவள் ஓட்டிய வண்டி அதுதான். வேலியில் கொண்டுபோய் இடித்ததும் அதைத்தான்.

நெஸ்டர் கட்டிலை விட்டு எழுந்துவிட்டார்.

"மூவாயிரத்து ஐந்நூறு," என்றது அந்தச் சன்னக் குரல்.

"ம்ஹூம்," என்றார் நெஸ்டர்.

வால்டர் ஏற்றினார்.

"ம்ஹூம். ம்ஹூம்." தாடையைத் திறந்து "நிறுத்து" என்று கத்தப் பார்த்தார். அது தண்ணீருக்கடியில் மாடு கத்துகிற மாதிரி வந்தது.

"சரிடா, சரி, புரியுது, விட மாட்டேன்," என்று வால்டர் ஆறுதல் சொன்னார். டாரியா இன்னும் ஒரு முறை கேட்டாள். வால்டர் ஒரேயடியாக ஐந்நூறு ஏற்றினார்.

நெஸ்டருக்கு வேறு வழி தெரியவில்லை. ஃபோனை வைத்துவிட்டார்.

உலை ஒரு முறை முனகி நின்றது. அறை அமைதியானது. அந்தப் பக்கம் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. மறுபடி கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, வால்டர் எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி. கோட்டை மாட்டிக்கொண்டு மாடிக்கு ஏறினார். டிரக் லெஸ்யாவிடம். நடந்துபோகிற தூரம் இல்லை. போனாலும் இந்தக் கன்னங்களோடு ஊர் நடுவில் போய் நிற்க முடியாது. கோட்டோடு அடுக்களை ஜன்னலுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

வெளியே அவருடைய டிராக்டர்கள் வரிசையாக நின்றன. சக்கரத்தடியில் கடைசிப் பனி அழுக்காகக் கிடந்தது. ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய ஏலத்தில் வாங்கியது. அந்த ஆள் ஒவ்வொருவரும் இப்போது இல்லை, அல்லது எங்கோ நகரத்தில் ஒரு சின்ன வீட்டில். விலை போகவில்லை என்பதற்காக வாங்கினோம் என்றுதான் இத்தனை வருடமும் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். தன்னிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். பேச ஆள் இல்லாமல், பேச வாயும் இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது அது அவ்வளவு உறுதியாகத் தோன்றவில்லை.

மோரிஸின் மகளை எதிர்த்து நின்று அவளுடைய அப்பாவின் டிராக்டரைப் பறிக்கப் பார்த்திருக்கிறோம் என்று நினைத்தார். அழுகை வந்தது. அழும்போது கன்னம் இழுத்து வலித்தது. வலித்தாலும் நிற்கவில்லை.

சாயங்காலம் லெஸ்யா வந்தாள். பூட்ஸ் முழங்கால் வரை சேறு. தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். குரல் கம்மிப் போயிருந்தது.

"எல்லாம் போச்சு. ஒண்ணு மிச்சமில்லை. எல்சி ரொம்பக் களைச்சுப் போயிட்டா, பாவம்."

"டிராக்டர்?" என்றார் நெஸ்டர்.

"டாக்டரா? மறுபடி வலிக்குதா?"

"டிராக்டர்."

"ஓ, அதுவா. வால்டர் எடுத்தான். எங்க நிறுத்துவான்னுதான் தெரியல. ரெண்டாம் மாடியில இருக்கான். குளியல் தொட்டில நிறுத்துவானோ என்னவோ."

நெஸ்டர் நாற்காலியில் சரிந்தார். பிறகு நிமிர்ந்தார். சொல்லத்தான் வேண்டும்.

"எனக்கு."

"உனக்கு என்ன?"

"எனக்காக வாங்கினான்."

"சரியாக் கேக்கலை. மெதுவாச் சொல்லு." ஊறுகாய் ஜாடியை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். மூடியைத் திறக்கவில்லை. கையை அதன்மேல் வைத்திருந்தாள்.

நெஸ்டர் சொன்னார். ஒவ்வொரு வார்த்தையையும் ஒரு கல்லைப் புரட்டுகிற மாதிரிப் புரட்டி வெளியே தள்ளினார். ஜன்னல், வால்டர், ம், ம்ஹூம். "டாரியான்னு தெரியாது. தெரிஞ்சதும் நிறுத்துன்னேன். அந்தச் செவிடன் ஏத்திட்டான். அதை அவகிட்ட குடுத்துடணும், லெஸ். காசு நான் எல்சிக்குக் குடுத்துடறேன். வண்டி டாரியாவுக்கு. இப்பவே ஃபோன் பண்ணு."

வாழ்க்கையிலேயே அவர் செய்த மிகச் சின்ன சொற்பொழிவு அது. நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. ஒரு பெரிய காரியத்தைச் செய்துவிட்ட நிம்மதியோடு அவளைப் பார்த்தார்.

"குடுத்தாச்சு," என்றாள் லெஸ்யா.

"என்னது?"

"வண்டியை. டாரியாகிட்ட. மத்தியானமே."

அவருக்குப் புரியவில்லை. "உனக்கு எப்படி..."

"வால்டர் அன்னைக்கு ஜன்னல்ல இருந்து எழுந்து, சேத்து முழங்காலோட நேரா அடுக்களைக்கு வந்தான். காப்பி குடுத்தேன். எல்லாத்தையும் சொன்னான். என்கிட்ட சொல்லக் கூடாதுன்னு நீ சொன்னதையும் சொன்னான்."

"தெரிஞ்சும் விட்டியா?"

"எல்சிக்கு நல்ல விலை வரட்டும்னு விட்டேன். எப்படியும் நீ கேப்ப, விட மாட்ட. அந்தக் காசு எல்சிக்குப் போனா நல்லதுதானே. டாரியா கேப்பான்னு எனக்கும் தெரியாது, நெஸ்டர். அவ கையைத் தூக்கினதும் எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல. அப்பத்தான் வால்டர் காதுல இருந்து ஃபோனை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தான். லைன் கட்டாயிடுச்சுன்னு சொன்னான்."

அவள் கொஞ்சம் நிறுத்தினாள். அவர் குறுக்கே பேசவில்லை.

"உன்னோட இத்தனை வருஷம் இருந்திருக்கேன். நீ முதல்ல ஃபோனை வச்சு நான் பார்த்ததே இல்லை. என்னமோ உன் மனசுல ஆயிருக்குன்னு புரிஞ்சுது. டாரியா அதுக்கு மேல கேக்கலை. மூணு தரம் சொல்லி முடிச்சேன். அப்புறம் மைக்லயே சொல்லிட்டேன், இது நெஸ்டர் மெல்னிக் மோரிஸோட மகளுக்கு வாங்கிக் குடுக்கறதுன்னு."

"என்னைக் கேக்காமலா?"

"கேக்கலாம்னுதான் பார்த்தேன். நீதான் ஃபோனை வச்சிட்டியே."

நெஸ்டர் மேசையைப் பார்த்தார். வெகுநேரம் யோசித்து, மனசாட்சியோடு மல்லாடி, தான் செய்த தியாகம் ஒன்று உண்டென்று நினைத்திருந்தார். அதை இவள் அவருக்கு முன்னாலேயே, அவர் பெயரிலேயே, ஊர் முன்னிலையில் செய்து முடித்திருக்கிறாள்.

"டாரியா என்ன சொன்னா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்லலை. ஏறி உக்காந்து ஸ்டார்ட் பண்ணினா. முதல் தடவையே பிடிச்சுக்கிச்சு. எல்சி காலையில இருந்து அழவே இல்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அழுதா." லெஸ்யா ஜாடியை அலமாரியில் கொண்டுபோய் வைத்தாள். "ஊரே கை தட்டிச்சு உனக்கு. உன் சார்பா நான்தான் நன்றி சொன்னேன்."

"என்ன பேசின?"

"நன்றின்னேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

நெஸ்டருக்கு அது உண்மையிலேயே வலித்தது. அப்படி ஒரு கூட்டம், அப்படி ஒரு தருணம், ஒரே ஒரு வார்த்தை. ஆனால் அவளுடைய கம்மிய குரலையும் சேறு காய்ந்த பூட்ஸையும் பார்த்தார். எழுந்து போய் அவளுக்காகச் சூப்பைச் சுட வைத்தார். இரண்டு பேரும் பேசாமல் சாப்பிட்டார்கள். அவர் ஸ்ட்ராவில், அவள் கரண்டியில். அந்த அமைதி அவர் பயந்த அளவுக்கு மோசமாக இல்லை.

கன்னங்கள் மெல்ல மெல்ல வடிந்தன. கீழே இறங்கும் என்று பயந்தது கீழே இறங்கவில்லை. நர்ஸ் ஃபோனில் எல்லாம் விசாரித்துவிட்டு, இனி வெளியே போகலாம் என்று விடுதலை கொடுத்தார். நெஸ்டர் முதல் வேலையாக எல்சியைப் போய்ப் பார்த்தார். மோரிஸைப் பற்றி அந்த அறையில் படுத்து நினைத்ததையெல்லாம் சொல்ல வேண்டுமென்று போனவர், அவள் பேசியதைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். எல்சி அதற்கு நன்றி சொன்னாள் என்று பிறகு லெஸ்யாவுக்குத் தெரியவந்தது. லெஸ்யா நம்பவில்லை.

நல்ல குணம் ஒரு பக்கம் இருக்கட்டும், தொழில் தொழில்தான். மறுநாள் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குரலைப் பரிசோதித்தார். தகரம் அதிர்ந்தது. ஆலங்கட்டி அப்படியேதான் இருந்தது. இனி ஊர் அசல் ஏலத்தைக் கேட்கட்டும் என்ற தீர்மானத்தோடு உள்ளே வந்தபோது லெஸ்யா ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆமாம், குணமாயிட்டான். இப்பத்தான் கொட்டகையில கத்திட்டு வரான்... கேட்டுச்சா, உங்களுக்கே கேட்டுச்சா... சரி, நான் சொல்றேன்." ஃபோனை வைத்தாள்.

"யாரு?"

"வடக்கே ப்ரோகோப் குடும்பம். பண்ணையைக் குடுக்கறாங்களாம். ஏலத்துக்கு நம்மைக் கேக்கறாங்க."

நெஸ்டர் ஆணியிலிருந்து தொப்பியை எடுத்தார். "நான் தயார்னு சொன்னியா?"

"சொன்னேன். ரொம்பச் சந்தோஷப்பட்டாங்க." லெஸ்யா அவர் கையிலிருந்த தொப்பியை வாங்கித் தன் தலையில் வைத்துச் சரிபார்த்துக்கொண்டாள். "அன்னைக்கு வண்டி நிறைய வருமாம். வயல்ல வரிசையா நிறுத்தச் சொல்லிக் கத்தறதுக்கு ஒரு ஆள் இல்லாமத் தவிச்சுக்கிட்டிருந்தாங்க."